ரம்பத்துக்கு முன் நோட்டுப் புத்தகம்: வீட்டிலேயே ஓர் ஆர்கேட் பெட்டி

1972ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தின் சன்னிவேல் நகரம். அங்கே ஒரு விடுதியில் புதிதாக ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். உயரம் 4 அடி. உள்ளே ஒரு கறுப்பு வெள்ளை டி.வி. காசு போட்டால் திரையில் ஒரு வெளிச்சப் புள்ளி ஓடும். அதுதான் பந்து. இரண்டு ஓரத்திலும் இரண்டு வெள்ளைக் கோடுகள். அவைதான் மட்டைகள். ஆட்டத்தின் பெயர் 'பாங்'. அடாரி நிறுவனத்துக்காக அதை உருவாக்கியவர் ஆலன் ஆல்கார்ன் என்ற இளம் பொறியாளர்.

கொஞ்ச நாளில் விடுதியிலிருந்து அழைப்பு வந்தது. பெட்டி வேலை செய்யவில்லையாம். ஆல்கார்ன் போய்த் திறந்து பார்த்தார். மின்சுற்றில் கோளாறே இல்லை. காசு விழும் டப்பா நிறைந்து வழிந்து, மேற்கொண்டு காசு இறங்க இடமில்லாமல் நின்றிருந்தது!

வீடியோ கேம் வரலாறு பேசுகிறவர்கள் எல்லோரும் இந்தக் கதையைச் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது, அந்தப் பெட்டி உருவான விதம். உள்ளே இருந்த டி.வி., கடையில் 75 டாலருக்கு வாங்கிய சாதாரண ஹிடாச்சி டி.வி. ஆட்டக்காரர் வெற்றிப்புள்ளி எடுக்கும்போது கூட்டம் ஆரவாரம் செய்யும் ஓசை வேண்டும் என்று முதலாளி நோலன் புஷ்னெல் கேட்டார். அதற்குத் தனிச் சுற்று வைக்க இடம் இல்லை. ஏற்கெனவே இருந்த சுற்றுக்குள் தேடி, அதில் தானாகவே பிறக்கும் 'பிப், பாப்' ஒலிகளை எடுத்து ஆல்கார்ன் பயன்படுத்திக்கொண்டார். மட்டைகள் திரையின் உச்சி வரை போகாமல் நின்றன. சுற்றில் இருந்த குறை அது. உச்சியில் ஓர் இடைவெளி இருந்தால் ஆட்டம் இன்னும் கடினமாகும், சுவையாகும் என்று அதை அப்படியே விட்டுவிட்டார்.

கையில் உள்ள பணம், கிடைக்கிற பொருள், செய்ய நினைத்த வேலை. இந்த மூன்றையும் ஒன்றோடொன்று பொருந்த வைப்பதுதான் பொறியியல். அதை நாமும் செய்து பார்க்கலாம், நண்பர்களே! 'பாங்' போலக் காசு போட்டு ஆடும் பெட்டிக்கு ஆர்கேட் பெட்டி என்று பெயர். மேசை மேல் வைத்து விளையாடும் அப்படி ஒரு சின்னப் பெட்டிக்குத் திட்டமும் செலவுக் கணக்கும் போடுவோம். இந்தக் கட்டுரையில் ரம்பம் எடுக்கப் போவதில்லை. நோட்டு, பென்சில், அளவு நாடா, கோணமானி, ஒரு பெரிய அட்டைப்பெட்டி. இவை போதும்.

முதல் பக்கத்தில் 3 கேள்விகள்

நோட்டின் முதல் பக்கத்தில் இவற்றை எழுதுங்கள்: யார் விளையாடப் போகிறோம்? என்ன ஆட்டம் ஆடப் போகிறோம்? பெட்டியை எங்கே வைக்கப் போகிறோம்?

எளிய கேள்விகள்தான். ஆனால் ஒவ்வொரு பதிலும் செலவை மாற்றும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஆட வேண்டுமென்றால் இரண்டு ஜாய்ஸ்டிக் வேண்டும், பொத்தான்கள் இரண்டு மடங்காகும், பெட்டியும் அகலமாகும். மாறி மாறி ஆடலாம் என்று தம்பியோடு உடன்பாடு செய்துகொண்டால் செலவு இறங்கிவிடும். 1980இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட 'பேக் மேன்' ஆட்டத்துக்கு 4 திசையில் நகரும் ஒரு ஜாய்ஸ்டிக் போதும். சண்டை ஆட்டங்களுக்கு ஓர் ஆளுக்கே 6 பொத்தான் வரை வேண்டும். மேசை மேல் வைப்பதா, தரையில் நிறுத்துவதா என்பது எவ்வளவு பலகை வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும்.

நம் திட்டத்துக்கு நான் எடுத்துக்கொள்ளும் பதில்கள் இவை: ஒருவர் ஆடும் பெட்டி, பழைய பாணி எளிய ஆட்டங்கள், மேசை மேல் வைப்பது.

திரை: 3, 4, 5

பெட்டியில் முதலில் முடிவு செய்ய வேண்டியது திரை. மற்ற எல்லா அளவும் அதிலிருந்துதான் பிறக்கும்.

அந்தக் காலப் பெட்டிகளில் இருந்தவை கனமான படக்குழாய்த் திரைகள். பழைய டி.வி.யில் இருந்ததும் அதேதான். அவற்றின் பக்கங்கள் 4:3 விகிதத்தில் இருக்கும். மானிட்டரின் அளவை மூலைக்கு மூலை, அதாவது மூலைவிட்டமாகச் சொல்வார்கள். பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றம் இங்கே கை கொடுக்கும். 3, 4, 5 பக்கங்கள் கொண்டது செங்கோண முக்கோணம் அல்லவா? 4:3 திரையின் மூலைவிட்டம் 5 பங்கு. 15 அங்குலத் திரை என்றால் ஒரு பங்கு 3 அங்குலம். ஆகவே அகலம் 12 அங்குலம், உயரம் 9 அங்குலம். கடைக்குப் போகாமலேயே அளந்துவிட்டோம்!

இப்போது கடைகளில் உள்ளவை பெரும்பாலும் 16:9 அகலத் திரைகள். 4:3 படத்தை அதில் காட்டினால் திரையின் அகலத்தில் முக்கால் பங்குதான் நிரம்பும். மீதிக் கால் பங்கு இரண்டு ஓரமும் கறுப்பாகக் கிடக்கும். 18.5 அங்குல அகலத் திரையின் உயரம் சுமார் 9 அங்குலம்தான். அதாவது பழைய ஆட்டத்தைப் பொறுத்தவரை 15 அங்குலப் பழைய மானிட்டரும் 18.5 அங்குலப் புது மானிட்டரும் ஒரே அளவுப் படத்தைத்தான் காட்டும். பழையதை வாங்கினால் பணமும் மிச்சம், பெட்டியின் அகலமும் மிச்சம். அதனால் நம் பெட்டிக்கு 15 அங்குல 4:3 எல்.சி.டி. மானிட்டர் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

வாங்கும் முன் ஒரு சோதனை. மானிட்டரை ஓடவிட்டு, எதிரே உட்கார்ந்து பாருங்கள். பிறகு மெல்ல எழுந்து பாருங்கள், குனிந்து பாருங்கள். பல பழைய எல்.சி.டி. திரைகளில் கீழிருந்து பார்த்தால் நிறம் மங்கி, வெளிச்சமும் இருளும் இடம் மாறும். மானிட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் சாய்த்து, உங்கள் கண்ணுக்கு நிறம் சரியாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். கோணமானியை வைத்து அந்தச் சாய்வை அளந்து நோட்டில் குறியுங்கள். பெட்டியில் திரை சாய வேண்டிய கோணம் அதுதான்.

ஓர் எச்சரிக்கை. பழைய படக்குழாய் டி.வி.யைப் பிரித்து அதைத் திரையாக்கலாமா என்று யாராவது கேட்டால், வேண்டவே வேண்டாம். வண்ணப் படக்குழாய்க்குள் 20,000 வோல்ட்டுக்கும் மேல் மின்னழுத்தம் இருக்கும். சுவிட்சை அணைத்த பிறகும் அது தேங்கி நிற்கும். எல்.சி.டி. மானிட்டரையும் அதன் பிளாஸ்டிக் உறையோடு அப்படியே பெட்டிக்குள் வைப்போம். பிரிக்க வேண்டாம்.

மூளை: ஓர் இயந்திரம் இன்னொன்றாக நடிப்பது

'பாங்' பெட்டியில் கணினியே கிடையாது. சின்னச் சின்ன மின்னணுச் சில்லுகளைக் கம்பியால் இணைத்து அந்த ஒரே ஆட்டத்துக்காக ஆக்கிய சுற்று அது. ஆட்டத்தை மாற்ற வேண்டுமென்றால் சுற்றையே மாற்ற வேண்டும். அடுத்த சில ஆண்டுகளில் ஆர்கேட் பெட்டிகளுக்குள் நுண்செயலி வந்தது. 'பேக் மேன்' பெட்டிக்குள் இருந்தது இசட்80 என்ற நுண்செயலி. அதன் வேகம் சுமார் 3 மெகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 30 லட்சம் துடிப்பு.

நம் பெட்டிக்கு மூளை ராஸ்பெர்ரி பை. 2012இல் பிரிட்டனில் வெளியான இது உள்ளங்கை அளவுக் கணினிப் பலகை. மாணவர்கள் கணினி கற்க வேண்டும் என்பதற்காகவே உருவானது. அதன் 2016ஆம் ஆண்டு மாதிரியில் 4 செயலி மையங்கள் உண்டு. ஒவ்வொன்றும் 1,200 மெகாஹெர்ட்ஸ். 3 மெகாஹெர்ட்ஸ் வேலைக்கு இவ்வளவு எதற்கு? எமுலேட்டர் என்ற மென்பொருளால்தான். பழைய செயலி செய்த ஒவ்வொரு சின்ன வேலையையும் படித்து, அதைப் போலவே நடிக்கும் மென்பொருள் இது. பழைய செயலியின் ஒரே ஒரு கட்டளையை நடித்துக் காட்டப் புதிய செயலி பல கட்டளைகளைச் செயல்படுத்த வேண்டும். 1997இல் இத்தாலியரான நிக்கோலா சால்மோரியா வெளியிட்ட 'மேம்' இந்த வகையில் புகழ்பெற்றது.

நடிப்பு எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும் தெரியுமா? 1978இல் ஜப்பானின் டொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' ஆட்டத்தில் 55 வேற்றுக்கிரகவாசிகள் வரிசையாக இறங்கி வருவார்கள். அத்தனை பேரையும் வரைய அன்றைய செயலி திணறியது. ஒவ்வொருவராகச் சுட்டு வீழ்த்த வீழ்த்த வேலை குறைந்து, மிஞ்சியவர்கள் வேகமாக நகர்ந்தார்கள். மெதுவான செயலியால் தானாக வந்த அந்த வேகம்தான் ஆட்டத்தின் உயிர். எமுலேட்டர் தன் முழு வேகத்தையும் காட்டினால் அந்தச் சுவை போய்விடும். பழைய செயலியின் தாமதத்தையும் அது நடித்தாக வேண்டும்.

பழைய ஆட்டங்களுக்கு உரிமையாளர்கள் இன்றும் இருக்கிறார்கள். இணையத்தில் கிடைக்கிறது என்பதற்காகப் பதிவிறக்குவது சரியல்ல. 'கிரிட்லி', 'ராபி ரோட்டோ' போன்ற சில ஆட்டங்களை, வியாபார நோக்கமில்லாமல் விளையாட அவற்றின் உரிமையாளர்கள் இலவசமாகவே தந்திருக்கிறார்கள். அதைவிட நல்ல வழியும் உண்டு. ஸ்க்ராட்ச் என்ற எளிய நிரல் மொழியில் நீங்களே ஒரு மட்டைப்பந்து ஆட்டம் எழுதுங்கள். பந்து மட்டையின் நடுவில் பட்டால் நேராகவும், ஓரத்தில் பட்டால் சாய்வாகவும் திரும்பட்டும். ஆல்கார்ன் தன் மட்டையை 8 பகுதிகளாகப் பிரித்து இதைத்தான் செய்தார். உங்கள் பெட்டியில் உங்கள் ஆட்டம்! அதற்கு ஈடு எதுவும் இல்லை.

கை: 'டிக்' என்ற ஓசைக்குள் என்ன?

நல்ல ஜாய்ஸ்டிக்கைச் சாய்த்தால் 'டிக்' என்று கேட்கும். அதைத் திருப்பி அடியில் பாருங்கள். தண்டைச் சுற்றி 4 பக்கமும் கறுப்பு நிறத்தில் 4 சின்னச் செவ்வகப் பெட்டிகள் இருக்கும். இவை மைக்ரோ சுவிட்சுகள். தண்டை வலப்பக்கம் சாய்த்தால் அதன் அடிமுனை இடப்பக்கம் போய் அங்கிருக்கும் சுவிட்சை அழுத்தும். மேல்பக்கமும் வலப்பக்கமுமாகக் குறுக்கே சாய்த்தால் இரண்டு சுவிட்சுகள் ஒரே நேரத்தில் அழுந்தும். 4 சுவிட்சில் 8 திசைகள் கிடைப்பது இப்படித்தான்.

சுவிட்சுக்குள்ளே வளைந்த ஒரு மெல்லிய உலோகத் தகடு இருக்கிறது. டின் மூடியின் நடுவை மெல்ல அழுத்திப் பாருங்கள். ஓர் அளவு வரை வளைந்துகொடுத்து, சட்டென்று 'டொக்' என்று மறுபக்கம் குதிக்கும். இந்தத் தகடும் அப்படியே. நீங்கள் மெதுவாக அழுத்தினாலும் வேகமாக அழுத்தினாலும் அது ஒரே வேகத்தில்தான் குதித்து மின்தொடர்பை ஏற்படுத்தும். அரைகுறைத் தொடர்புக்கு இடமில்லை. லட்சக்கணக்கான தடவை அழுத்தினாலும் தாங்கும்.

சுவிட்சில் 3 உலோக முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று பொது முனை. இன்னொன்று அழுத்தாதபோது அதோடு தொடர்பில் இருப்பது. மூன்றாவது அழுத்தும்போது மட்டும் தொடர்புக்கு வருவது. நமக்கு வேண்டியவை முதலும் மூன்றாவதும். இவற்றிலிருந்து வரும் வயர்களை என்கோடர் என்ற சின்னப் பலகையில் செருகி, யு.எஸ்.பி. வயர் வழியாகக் கணினியோடு இணைக்க வேண்டும். கணினி அதை ஒரு சாதாரண கேம் பேட் என்றே எடுத்துக்கொள்ளும். செருகும் வகை வயர் இருந்தால் பற்றவைக்கும் வேலைகூட இல்லை.

தகடு குதித்து மோதும்போது ஒரேயடியாக ஒட்டாது. சில மில்லிவினாடிகளுக்குத் துள்ளும். ஓர் அழுத்தலைக் கணினி நாலைந்து அழுத்தலாக எண்ணிவிடாதபடி, இந்தத் துள்ளல் அடங்கும் வரை பொறுத்துவிட்டு அதை ஒன்றாகக் கணக்கில் எடுக்க வேண்டும். இதை மின்னணுப் பகுதியோ மென்பொருளோ பார்த்துக்கொள்ளும். நொடிக்கு 60 படம் ஓடும் ஆட்டத்தில் ஒரு படம் சுமார் 17 மில்லிவினாடி நிற்கிறது. அதனால் அந்தச் சின்னத் தாமதம் உங்கள் விரலுக்குத் தெரியாது.

துளை போடும் முன் பொத்தானைக் கையில் வாங்கி அளக்க வேண்டும். 28 மில்லிமீட்டர் துளை கேட்பவையும் உண்டு, 30 கேட்பவையும் உண்டு. பொத்தானின் மரைப் பகுதி பலகையின் தடிமனைத் தாண்டி நீண்டால்தான் அடியில் நட்டு ஏறும். ஜாய்ஸ்டிக் தண்டிலும் பலகைத் தடிமன் அளவுக்கு உள்ளே போய்விடும். கைக்குப் போதுமான உயரம் மிஞ்சுகிறதா என்று பாருங்கள்.

உடம்பு: ரம்பம் தின்னும் மரம்

இப்போது பெட்டி. 12 மில்லிமீட்டர் ப்ளைவுட் எடுத்துக்கொள்வோம். திரையின் அகலம் 12 அங்குலம், அதாவது 30.5 சென்டிமீட்டர். அதன் உறை, வயர், கை நுழைய இடம் எல்லாம் சேர்த்து உள் அகலம் 40 சென்டிமீட்டர் என்று வைத்தேன். துண்டுகளின் பட்டியல் இதோ, எல்லாம் சென்டிமீட்டரில்:

பக்கப் பலகை 60 × 50, இரண்டு
அடிப்பலகை 40 × 50
முதுகுப் பலகை 40 × 60
திரையைச் சுற்றிய சட்டம் 40 × 35
மேல் பலகை 40 × 25
ஜாய்ஸ்டிக் பலகை 40 × 20
பெயர்ப் பலகை 40 × 12
முன்பட்டி 40 × 10

பரப்பளவைக் கூட்டினால் 14,480 சதுர சென்டிமீட்டர். கடையில் விற்கும் 8 × 4 அடிப் பலகையில் பாதி, அதாவது 4 × 4 அடி, ஏறக்குறைய 122 × 122 சென்டிமீட்டர். அதன் பரப்பு 14,884. ஆகா, பாதிப் பலகை போதும் என்று குதிக்கத் தோன்றும்.

பொறுங்கள்! பரப்பளவு போதும் என்றால் துண்டுகள் அடங்கும் என்று அர்த்தமில்லை. கட்டம் போட்ட தாளில் 122 × 122 சதுரம் வரைந்து, துண்டுகளை அதே விகிதத்தில் காகிதத்தில் வெட்டி அடுக்கிப் பாருங்கள். பக்கப் பலகை இரண்டையும் படுக்கவைத்து மேலே அருகருகே வைத்தால் 120 அகலம், 50 உயரம். கீழே 72 சென்டிமீட்டர் மிச்சம். அதில் 40 அகலத்தில் 3 நிரல்கள். முதல் நிரலில் அடிப்பலகையும் ஜாய்ஸ்டிக் பலகையும்: 50 + 20 = 70. இரண்டாவதில் சட்டம், மேல் பலகை, முன்பட்டி: 35 + 25 + 10 = 70. மூன்றாவதில் முதுகும் பெயர்ப் பலகையும்: 60 + 12 = 72. எல்லாம் அச்சாகப் பொருந்திவிட்டது!

காகிதத்தில்தான் பொருந்தியது. மரத்தில் பொருந்தாது. ஏனென்றால் ஒவ்வொரு வெட்டிலும் ரம்பம் கொஞ்சம் மரத்தைத் தூளாக்கித் தின்றுவிடும். தச்சுப் பட்டறை ரம்பம் ஒரு வெட்டுக்கு 3 மில்லிமீட்டர் தின்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது நிரலில் மேலிருந்து கீழே வர இரண்டு வெட்டு. 50 + 0.3 + 60 + 0.3 + 12 = 122.6. பலகையோ 122தான். அரை சென்டிமீட்டருக்கும் சற்று மேல் இடிக்கிறது. இதைக் கவனிக்காமல் வெட்டினால் ஒரு துண்டுக்காக இன்னொரு பலகை வாங்க வேண்டிவரும்.

தீர்வு என்ன? முதுகுப் பலகையின் உயரத்தை 60லிருந்து 56 ஆக்குங்கள். பலகையில் அடங்கிவிடும். பெட்டியின் பின்னால் அடியில் 4 சென்டிமீட்டர் இடைவெளி கிடைக்கும். அது வீணல்ல. மானிட்டரும் கணினிப் பலகையும் சூடாகும். சூடான காற்று மேலே எழும். மேலே சில துளைகள் போட்டுவிட்டால் கீழ் இடைவெளி வழியே குளிர்ந்த காற்று உள்ளே வரும், மின்விசிறி தேவையில்லை. மின்வயரும் அந்த வழியாகவே வெளியே வரும். ஒரு குறையைச் சரிசெய்யப் போய் இரண்டு நன்மை கிடைத்தது. கணக்கு போடுவதில் உள்ள ஆனந்தமே இதுதான்.

பலகை வாங்கும் முன் அட்டையில் ஒரு பெட்டி செய்யுங்கள். குளிர்சாதனப்பெட்டி வந்த பெரிய அட்டைப்பெட்டி கடைகளில் கிடைக்கும். அசல் அளவில் வெட்டி, டேப் ஒட்டி, மேசை மேல் வையுங்கள். முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் இயல்பாக வையுங்கள். விரல் நுனிகள் விழும் இடத்தை நண்பரை விட்டுப் பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள். ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் ஒரே நேர்க்கோட்டில் விழாததைக் காண்பீர்கள். பொத்தான்களும் அந்த வளைவிலேயே இருக்கட்டும். மணிக்கட்டு வலிக்கிறதா, கழுத்து குனிகிறதா என்பதெல்லாம் அட்டையிலேயே தெரிந்துவிடும். அட்டையில் செய்த பிழைக்குச் செலவே கிடையாது.

மரம் வெட்டுவது, துளை போடுவது ஆசாரி அண்ணனின் வேலை. அளவெழுதிய படத்தோடு போனால் அவருக்கும் எளிது, கூலியும் குறையும். வெட்டிய ஓரத்தை உப்புத்தாளால் தேய்ப்பதும் வண்ணம் பூசுவதும் உங்கள் வேலை. தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம்.

கணக்கு: கண்ணில் படாத சில்லறை

இனி செலவு. கீழே உள்ள தொகைகள், கணக்குப் போடும் முறையைக் காட்ட நான் எடுத்துக்கொண்ட முழு எண்கள். ஊருக்கு ஊர், கடைக்குக் கடை விலை மாறும். சென்னையில் இருப்பவர்கள் மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் விசாரிக்கலாம். மற்ற ஊர்களில் கணினி பழுது பார்க்கும் கடைகளில் கேட்கலாம். ஒவ்வொரு பொருளுக்கும் 3 இடத்திலாவது விலை கேட்டு உங்கள் எண்ணை எழுதுங்கள்.

பழைய 15 அங்குல மானிட்டர்: 1,200 ரூபாய்
எச்.டி.எம்.ஐ. – வி.ஜி.ஏ. மாற்றி: 300
கணினிப் பலகை: 4,000
மெமரி கார்டு, அடாப்டர்: 900
ஜாய்ஸ்டிக், பொத்தான், என்கோடர்: 1,500
பாதி ப்ளைவுட்: 1,000
வெட்டுக்கூலி: 500
திருகு, பசை, உப்புத்தாள், பெயின்ட்: 700
ஸ்பீக்கர்: 400
வயர், ஸ்பைக் பஸ்டர்: 500
மொத்தம்: 11,000 ரூபாய்

இந்தப் பட்டியலை ஒரு தடவை உற்றுப் பாருங்கள். மனதில் உடனே தோன்றும் பொருட்கள் 4: மானிட்டர், கணினிப் பலகை, ஜாய்ஸ்டிக், ப்ளைவுட். அவற்றின் கூட்டுத்தொகை 7,700. மீதி 3,300 ரூபாய் சில்லறைச் செலவு. மொத்தத்தில் 30 சதவீதம்! "பெட்டி செய்ய எட்டாயிரம் போதும்" என்று சொல்லிவிட்டுப் பாதியில் நிற்பவர்கள் மறந்தது இந்தப் பகுதியைத்தான். பழைய மானிட்டரில் வி.ஜி.ஏ. துளை மட்டும் இருந்து, கணினிப் பலகையில் எச்.டி.எம்.ஐ. மட்டும் இருந்தால் நடுவில் ஒரு மாற்றி வேண்டும். இரண்டையும் தனித்தனியே பார்த்தால் அது நினைவுக்கே வராது. ஆகவே பொருட்களை எழுதும்போது ஒன்றையும் இன்னொன்றையும் எது இணைக்கிறது என்ற கேள்வியைக் கேட்டுக்கொண்டே எழுதுங்கள்.

இதற்கு மேல் 15 சதவீதம், அதாவது 1,650 ரூபாய், கைக்காவலாக வையுங்கள். ஒரு பொத்தான் உடையலாம், வயர் நீளம் பத்தாமல் போகலாம். ஆக 12,650.

பெரிய தொகைதான். எப்படிக் குறைப்பது? முதலில் போய்ப் பார்க்க வேண்டிய கடை நம் வீட்டுப் பரண். பழைய மேசைக் கணினி தூங்கிக்கொண்டிருந்தால் கணினிப் பலகை, மெமரி கார்டு, அடாப்டர் தேவையில்லை. அதில் வி.ஜி.ஏ. துளை இருந்தால் மாற்றியும் வேண்டாம். 5,200 ரூபாய் மிச்சம். மொத்தம் 5,800 ஆகிவிடும். அந்தக் கணினியோடு மானிட்டரும் இருந்தால் இன்னும் 1,200 குறைந்து 4,600. கைக்காவல் 690 சேர்த்தாலும் 5,290 ரூபாய். பழைய மானிட்டர் குப்பைக்குப் போகாமல் மறுபடி உழைப்பது நம் ஊருக்கும் நல்லது. கடைக்காரர் பாதிப் பலகை தர மறுத்தால் இரண்டு நண்பர்கள் சேர்ந்து ஒரு பலகை வாங்கி ஆளுக்கொரு பெட்டி செய்யலாம். ஆசாரியிடம் மிச்சத் துண்டுகள் இருக்கின்றனவா என்றும் கேளுங்கள்.

இன்னொரு பக்கத்தை இரண்டாகப் பிரித்து 'தேவை', 'ஆசை' என்று தலைப்பிடுங்கள். ஒளிரும் பெயர்ப் பலகை, காசு போடும் துளை, விளக்கு எரியும் பொத்தான் எல்லாம் ஆசைப் பக்கம். அவற்றை விட்டுவிட வேண்டும் என்று சொல்லவில்லை. பெட்டி ஓடிய பிறகு, மிஞ்சிய பணத்தில் ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம்.

குறைக்கவே கூடாத இடமும் உண்டு: அடாப்டர். கையில் கிடைத்த பழைய செல்போன் சார்ஜரை மாட்டினால் என்ன ஆகும்? ஓம் விதியைப் போட்டுப் பாருங்கள். மெல்லிய வயரின் மின்தடை 0.2 ஓம் என்றும், பலகை அதிகம் உழைக்கும்போது 2.5 ஆம்பியர் இழுக்கிறது என்றும் கொள்வோம். வயரிலேயே 0.2 × 2.5 = 0.5 வோல்ட் தொலைந்துவிடும். 5 வோல்ட் கிளம்பி 4.5 வோல்ட் வந்து சேரும். ராஸ்பெர்ரி பை 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனாலே 'மின்னழுத்தம் குறைவு' என்று எச்சரிக்கும், வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். ஆட்டத்தின் நடுவில் நின்றும் போகலாம். அந்தப் பலகைக்கென்றே செய்த அடாப்டரை வாங்குங்கள். சுவர் பிளக், ஸ்பைக் பஸ்டர் இணைப்பை வீட்டுப் பெரியவர் பார்த்துக்கொள்ளட்டும்.

மின்கட்டணமும் கணக்கில் வர வேண்டும். மானிட்டரும் கணினிப் பலகையும் சேர்ந்து 40 வாட் எடுத்தால், 25 மணி நேரம் ஓடினால் 1,000 வாட் மணி, அதாவது 1 யூனிட். பழைய மேசைக் கணினி இதைவிட நிறைய இழுக்கும். வாங்கும்போது மிச்சமான பணத்தில் கொஞ்சம் மாதாமாதம் கட்டணமாகப் போகும். இரண்டையும் எழுதி ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள்.

எந்த வரிசையில் வாங்குவது?

பலகை முதலில் அல்ல. திரை, ஜாய்ஸ்டிக், பொத்தான் ஆகியவைதான் முதலில். அவற்றின் உண்மையான அளவு தெரிந்தால்தான் படம் சரியாக வரும். அடுத்து, எல்லாவற்றையும் மேசை மேல் பரப்பி, பெட்டியே இல்லாமல் இணைத்து, ஓர் ஆட்டம் ஆடிப் பார்க்க வேண்டும். எல்லாம் ஓடுகிறது என்று உறுதியான பிறகு அட்டைப்பெட்டி. அது கைக்கும் கண்ணுக்கும் ஒத்துவந்த பிறகு ப்ளைவுட். கடைசியில் பெயின்ட். எந்தக் கட்டத்தில் நிறுத்தினாலும் வாங்கிய பொருள் வீணாகாது என்பது இந்த வரிசையின் பலம்.

நோட்டில் செலவுப் பட்டியலுக்கு 3 நிரல்கள் போடுங்கள். முதலாவதில் நீங்கள் ஊகித்த விலை. இரண்டாவதில் உண்மையில் கொடுத்த விலை. மூன்றாவதில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசமும் அதன் காரணமும். அறிவியல் அறிஞர்கள் ஆய்வுக்கூடத்தில் செய்வதும் இதுவே. முன்கூட்டிக் கணிக்கிறார்கள், அளக்கிறார்கள், இரண்டும் ஏன் வேறுபட்டன என்று தேடுகிறார்கள். கணிப்பு தவறினால் அவர்கள் வருந்துவதில்லை. தெரியாத ஒன்று அங்கே ஒளிந்திருக்கிறது என்று அதன் பின்னால் போகிறார்கள். ரம்பம் தின்னும் 3 மில்லிமீட்டரும், வயரில் தொலையும் அரை வோல்ட்டும் அப்படி ஒளிந்திருந்தவைதாம்.

பெட்டி முடிந்ததும் அந்த நோட்டை உங்கள் வகுப்பில் இன்னொருவருக்குக் கொடுங்கள். மூன்றாவது நிரலைப் படித்துவிட்டு அவர் செய்யும் பெட்டி உங்களுடையதைவிடக் குறைந்த செலவில், இன்னும் நன்றாக அமையும். அவர் தன் பங்குக்கு எழுதிச் சேர்ப்பதை அடுத்தவர் படிப்பார்.